கல்ஃபானின் படகுக்கு என்ன விலை

முனீரா ஆறு மாதமாகப் பழைய படகு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். வளைகுடாத் தீவு ஊரான முஹர்ரக்கில் மருந்துக்கடை வைத்திருப்பவள், வயது நாற்பத்தேழு. கல்யாணம் என்றோ முறிந்துபோயிருந்தது. பிள்ளையில்லை. தோழிகள் எல்லோருக்கும் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டதால் விடுமுறை நாளில் யாருக்கும் நேரமிருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தம்பி தலால் வீட்டில் மச்பூஸ் இறைச்சிச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், மறுநாள் கடை திறக்கும்வரை அவளோடு பேச ஆளில்லை. வீட்டில் தனியாக இருப்பதைவிடக் கடலில் தனியாக இருப்பது மேலாக இருக்கும் என்று தோன்றியது. குளிர்காலத்தில் பயிற்சிக்குப் போய்ப் படகோட்டும் உரிமம் வாங்கினாள்.

கல்ஃபானின் படகு ஹித் படகுத்துறையில் கட்டிக் கிடந்தது. இருபத்தெட்டடி நீளம், பின்னால் இரண்டு எஞ்சின். பதினோராயிரம் தினார் கேட்டிருந்தார். சுங்க இலாகாவில் ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியிருப்பார்.

"நீயா வாங்கப்போற? வீட்டுக்காரர் வருவாருன்னு நெனச்சேன்."

"இருந்தா வந்திருப்பார். எஞ்சின் மூடியைத் திறங்க ஹாஜி."

அவள் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் படகின் உடம்பெங்கும் தட்டிப் பார்த்தாள். எஞ்சின்கள் மாட்டியிருந்த பின்பலகையை இன்னும் கவனமாகத் தட்டினாள். உள்ளே கட்டை ஊறியிருந்தால் சத்தம் மந்தமாக வரும். இங்கே கணீரென்றே வந்தது. கியர் எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. தண்ணீரைத் தள்ளும் விசிறி இலைகளின் விளிம்பு எங்கும் உடைந்திருக்கவில்லை. சாவியைத் திருப்பி மணிக்கணக்கைப் பார்த்தபோதுதான் புருவத்தை உயர்த்தினாள். எஞ்சின் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

"எட்டு வருஷப் படகுதானே? ஒரு ஆள் மீன் பிடிக்கப் போனா இதுல பாதிகூட ஓடாதே. வாடகைக்கு விட்டீங்களா?"

"வாடகையா! என் பல்லு விளக்குற பிரஷ்ஷையும் வாடகைக்கு விட்டிருக்கேன், வேணுமா?"

அவள் தலாலை அழைத்துக் கேட்டாள். அவன் குரல் கைப்பேசிக்கு வெளியிலும் கேட்டது. "அது கிழட்டுப் படகு அக்கா. அஞ்சாயிரத்துக்கு மேல ஒரு ஃபில்ஸ் காசுகூடக் குடுக்காத. உனக்கு எதுக்குப் படகு? பேசாம பிள்ளைகளப் பாத்துக்கிட்டு வீட்ல இரேன்."

"யாரு பிள்ளைகள, உன் பிள்ளைகளையா?" என்று கேட்டுக் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

கல்ஃபான் மணிக்கணக்கை விரலால் தொட்டார். பிறகு சொன்னார்: "நாங்க நாலு பேரு போவோம். ஒருத்தன் செத்துட்டான். ஒருத்தனுக்கு டயாலிசிஸ். இன்னொருத்தன மகன் ரியாதுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அப்புறம் நான் மட்டும். நங்கூரத்தப் போட்டு எஞ்சினை நிறுத்தினா காதுல ஒண்ணுமே விழாது மகளே. அதனால நிறுத்துறதில்ல. அது பாட்டுக்கு ஓடிட்டுக் கிடக்கும்."

முனீரா இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டுபவரின் மெத்தை கிழிந்து பஞ்சு தெரிந்தது. மற்ற மூன்றும் அவ்வளவாகத் தேயவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. நின்ற இடத்தில் ஓடிய எஞ்சின், அலையில் அடிபட்ட எஞ்சின் அளவுக்குத் தேய்ந்திருக்காது. ஆனால் உள்ளே கரி பிடித்திருக்கும்.

"எட்டாயிரத்து எண்ணூறு. கரி எடுக்கச் செலவிருக்கு."

"ஒன்பதரை."

"ஒன்பது. அதுக்கு மேல என்கிட்ட இல்ல."

"சரி, எடுத்துக்கோ. யார் யாரு போவீங்க?"

"நான் மட்டும்தான்."

அவர் முகம் மாறியது. "அப்ப பதிமூணாயிரம்."

"என்ன ஹாஜி, ஏலம் விடுறீங்களா?"

"பதினாலு. போயிட்டு வா."

அவள் போகவில்லை.  கடைசியில் அவரே காரணத்தைச் சொன்னார். போன மாதம் நங்கூரத்தைத் தூக்கக் குனிந்தவர் கடலில் விழுந்திருக்கிறார். படகில் ஏணி கிடையாது. கையில் ஏறும் பலமில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கியிருக்கிறார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மீனவர்கள்தான் தூக்கிவிட்டார்களாம்.

"கத்தினேன் மகளே. எஞ்சின் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல. உன்ன இதுல அனுப்பிட்டு நான் வீட்ல தூங்குவேனா?"

 முனீரா சொன்னாள்: "நீங்க குடுக்கலேன்னா வேற யார்கிட்டயாவது வாங்குவேன். அப்பவும் தனியாத்தான் போவேன்."

"திமிரு பிடிச்சவ."

"ஆமா."

அவர் தாடியைச் சொறிந்தார். "எட்டாயிரத்து எழுநூறு குடு. மீதி முந்நூறு ஏணிக்கு. மாட்டுறப்ப நான் பக்கத்துல இருப்பேன்."

ஏணி மாட்டிய அன்று, போட்டிருந்த உடையோடு அவளைத் தண்ணீரில் குதிக்கச் சொன்னார். இரண்டு முறை ஏறிக் காட்டிய பிறகே விற்பனைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"வாங்க ஹாஜி, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"வேணாம். ஏறினா இறங்க மனசு வராது" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. கரை மெல்லிய கோடாகத் தெரியும் இடத்தில் நங்கூரம் போட்டுத் தூண்டிலை இறக்கினாள். இரண்டு ஷேரி மீன்கள் கிடைத்தன. முதல் மீனைத் தூக்கியபோது சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, யாரிடம் காட்டுவது என்று ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

இருட்டுவதற்குள் திரும்பினாள். இரண்டையும் வறுத்து ஒன்றைச் சாப்பிட்டாள். மற்றதை மறுநாள் மதியம் கடையின் பின்னறையில் சூடாக்கிச் சாப்பிட்டாள்.