மேடேறும் வண்டி

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா புல்வெட்டியைத் தள்ளவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுப் பின்பக்கமோ சரிவாக இறங்கும் பெரிய புல்வெளி. தம்பிக்கு அது வசதியாகப் போயிற்று.

"வீட்டை வித்துட்டு எங்க பக்கத்துல ஃபிளாட்டுக்கு வந்துடு அக்கா."

"தள்ளக் கூடாதுன்னுதானே சொன்னார்? உட்கார்ந்து ஓட்டக் கூடாதுன்னு சொல்லலையே!"

பாதி வாழ்நாள் டவுன் பஸ் ஓட்டியவள். ஆபரேஷன் ஆன காலை வைத்துக்கொண்டே ஒற்றைக் காலில் நின்றாள். வேறு வழியில்லாமல், உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டிகள் விற்கும் கடைக்குத் தம்பி அழைத்துப் போனான்.

விற்பனையாளர் தம்பியைப் பார்த்தே பேசினார். "சார், அம்மாவுக்கு இந்தச் சின்ன சிவப்பு வண்டி போதும். பார்க்க அழகா இருக்கும்."

"வெட்டப்போறது நான். என்னைப் பார்த்துச் சொல்லுங்க," என்ற அக்கா, கத்தியை மூடியிருந்த தகட்டைக் கைத்தடியால் தட்டினாள். பிஸ்கட் டப்பா போலச் சத்தம் வந்தது. "கல்லு பட்டா நசுங்கிடுமே. கடைக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுல ஓட்டிப் பார்க்கணும்."

"அதுக்கெல்லாம் வெளியில எடுக்க மாட்டோம்மா."

"அப்ப வியாபாரமும் வேணாம்."

அவர் சாவியைக் கொடுத்தார். சிவப்பு வண்டி பாதி மேட்டில் சக்கரம் வழுக்கிப் பின்னால் நகர்ந்தது. தம்பி அலறினான். அக்கா பிரேக்கை மிதித்து, மெல்லக் கீழே இறக்கினாள்.

"அடுத்த வண்டி!"

அடுத்தது கனமான சாம்பல் நிற வண்டி. அகலச் சக்கரம், கெட்டித் தகடு. சீட்டை விட்டு எழுந்தால் கத்தி தானாக நிற்கும் என்று விற்பனையாளர் இப்போது அவளிடமே விளக்கினார். அது நேராக மேடேறியது. இறங்கும்போது நடுச்சரிவில் நிறுத்தினாள். அசையவில்லை.

"இதுதான்."

தம்பி கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "உன் தோட்டத்து கேட்டுல இது நுழையாது."

வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தால் உண்மைதான்.

"அப்ப கேட்டைக் கழட்டு."

முணுமுணுத்துக்கொண்டே அவன்தான் கழற்றினான். வண்டி வந்த அன்றே அக்கா சரிவு முழுவதையும் மேலும் கீழுமாக வெட்டி முடித்தாள். வேர்வையைத் துடைத்தபடி அவள் இறங்கியதும் தம்பி பக்கத்தில் வந்து சீட்டைத் தடவினான்.

"நான் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா?"

"செருப்பை மாத்திட்டு பூட்ஸ் போட்டுட்டு வா. அப்புறம் யோசிக்கிறேன்."