ரொபி கரையும் வரை

வாய் மூடி நிற்பது சிவனேஸ்வரி ரீச்சருக்கு எவ்வளவு கஷ்டமென்று மல்லாவியில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். செத்தவீட்டிலேயே இடையில் எழும்பி, ஆட்களை வரிசைப்படுத்திவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவரிடம்தான் அதிபர் தில்லைநாதன் சொன்னார்:

"வியாழக்கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலயிருந்து சுரேகா மிஸ் உங்கட பாடம் பார்க்க வாறா. பிள்ளையள் குழுவாயிருந்து தாங்களே கண்டுபிடிக்கவேணும். நீங்கள் கதைச்சுக்கொண்டே நிண்டால், ஆறாம் வகுப்புக் கணிதத்தை வேற ஆளுக்குக் குடுத்திட்டு உங்களை நூலகத்துக்குத்தான் விடவேண்டி வரும்."

இருபத்தாறு வருஷமாகக் கணிதம் படிப்பித்தவரை அலுமாரிக்குக் காவல் வைப்பதா? அன்றிரவு ரீச்சர் வீட்டில் கொட்டித் தீர்த்தார்.

"வாயில ஒரு ரொபியைப் போட்டுக்கொண்டு நில்லுமன்," என்றார் கணவர் தவராசா. முப்பது வருஷ அனுபவம் பேசியது.

ரீச்சர் கடையில் இனிப்பு ரொபியும் வாங்கினார். அதோடு நிற்காமல் புதன்கிழமையே ஒத்திகையும் வைத்தார். "நாளைக்குச் சதுரக் கடதாசியை அடுக்கி நீங்களாக் கண்டுபிடிக்கப் போற பரப்பளவு இருபத்துநாலு. எங்க, எல்லாரும் சொல்லுங்கோ!"

வியாழக்கிழமை சுரேகா மிஸ் பின்வரிசை வாங்கில் வந்து இருந்ததுதான் தாமதம், கிருசாந்தன் எழும்பினான்.

"இருபத்துநாலு ரீச்சர்! நாங்களே கண்டுபிடிச்சம்!"

"சதுரக் கடதாசி இன்னும் தரவேயில்லையே, தம்பி?" என்றார் மிஸ்.

"நேற்றே கண்டுபிடிச்சிட்டம், மிஸ்."

ரீச்சருக்கு நூலகத் தூசி அப்போதே மூக்கில் ஏறியது. அவசரமாக ஒரு ரொபியை வாய்க்குள் போட்டார்.

அந்த நேரம் பார்த்து வினோஜா கேட்டாள்: "ரீச்சர், எங்கட வயல் வாய்க்காலோட வளைஞ்சு கிடக்கு. சதுரம் அடுக்கினா ஓரத்தில துண்டு துண்டாயெல்லோ வரும்? அதின்ர பரப்பளவை எப்பிடி எடுக்கிறது?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. ரீச்சரின் கை தன்பாட்டில் கரும்பலகையடி வெண்கட்டியைத் தேடிப் போனது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். கன்னத்தில் ரொபி உப்பியிருக்க, நீங்களே பாருங்கோ என்று தலையால் மட்டும் காட்டினார்.

வகுப்பு சந்தையானது. சதுரக் கடதாசியில் வளைந்த வயலொன்றைக் கீறி, ஓரத்துண்டுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

"ரெண்டு அரையைச் சேர்த்து ஒண்டா எண்ணுவம்," என்றான் கோகுலன்.

"அரைக்கும் குறைஞ்ச துண்டை உன்ர வீட்டையோ கொண்டுபோறது?" என்றாள் வினோஜா.

மேசைக்கு மேசை சண்டை. ஆனால் விஷயமான சண்டை. கடைசியில் ஒருவருக்கும் வழி தெரியாமல், நாலு குழுவும் ஒரேயடியாக ரீச்சரின் முகத்தைப் பார்த்தது.

"கடக்!"

ரொபியைக் கடித்து விழுங்கிவிட்டு, ரீச்சர் வெண்கட்டியை எடுத்தார். துண்டு அரையோ அரைக்கு மேலோ இருந்தால் ஒன்று, குறைந்தால் விடு. விட்டதும் சேர்த்ததும் ஏறக்குறைய ஈடாகிவிடும். ஐந்து நிமிஷம். எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்; சண்டை பிடித்துக் களைத்த பிள்ளைகளுக்குத்தான் அந்த விடை தேவைப்பட்டது.

போகும்போது மிஸ் சொன்னார்: "கணிதம் உங்களோடயே இருக்கட்டும் ரீச்சர். ஒத்திகையை மட்டும் விட்டிடுங்கோ."

இப்போது ரீச்சர் சந்தையில் ரொபியைப் பைக்கற்றாக வாங்குகிறார். பாவம், மனுசிக்கு இரத்தத்தில சீனி குறைந்துபோச்சாம் என்று ஊரில் ஒரு கதை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் விஷயம் தெரியும்: ரொபி கரையும் வரை தங்கள் நேரம்; "கடக்" என்று கேட்டால் கொப்பியைத் திறக்கவேண்டும்.