யாருமில்லையின் கணவன்

சாலிக்குளத்தில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். ஊரின் பழைய கட்டடங்களுக்கு அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேற்பட்ட எண்காரர் எவர் வந்தாலும் வாசல் ஒரே பெயரைத்தான் சொல்லும்: "யாருமில்லை."

வடிவு அப்படிப்பட்டவள். அவள் கணவன் சங்கரபாண்டி சின்ன எண்காரன். எல்லா வாசலுக்கும் அவனைத் தெரியும். அவனுக்குக் குடல்வால் வீங்கியபோது பழைய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். சம்மதக் கையெழுத்தையும் அவளே போட்டாள்.

"கையெழுத்துப் போட்டது யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"யாருமில்லை, சார்," என்றாள் நர்ஸ்.

"சரி, ஆரம்பிக்கலாம்," என்று அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், துவைத்த வேட்டியோடு வடிவு போனாள். கட்டில் காலியாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரரை அப்பவே யாருமில்லை வந்து கூட்டிட்டுப் போயாச்சே," என்றாள் நர்ஸ்.

"அது நான் இல்லம்மா."

"நீங்க யாருமில்லைதான? அப்ப சரியாத்தான் குடுத்திருக்கோம்." பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். "இந்தப் பெரியவரும் யாருமில்லையோட ஆளுதான். வேணும்னா கூட்டிட்டுப் போங்க."

ஒரு யாருமில்லைக்குச் சொந்தமானது எல்லா யாருமில்லைக்கும் சொந்தம் என்பது பழைய கட்டடங்களின் வழக்கம். அங்கே நின்று வாதாடிப் பயனில்லை.

பெரியவரின் பெயர் ஞானமுத்து. "எம்மக எஸ்தர் வருவான்னு உக்காந்திருக்கேன்," என்றார். அந்த எஸ்தர்தான் ஆள் மாற்றிக் கூட்டிப் போயிருப்பாள் என்று வடிவுக்குப் பட்டது. அவரிடமே வீட்டுக்கு வழி கேட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போனாள்.

அதுவும் பழைய வீடு. "யாருமில்லை" என்று சொல்லிக் கதவு திறந்தது. உள்ளே சங்கரபாண்டி ரசஞ்சாதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அப்பாவைக் கேட்டேன், இவரைக் குடுத்தாங்க. பசியோட இருந்தாரு, சாப்பாடு போட்டேன்க்கா," என்றாள் எஸ்தர்.

"நீங்க என்னைத் தேடவே இல்லையா?" என்று வடிவு கணவனிடம் கேட்டாள்.

"யாருமில்லை வந்திருக்குன்னு சொன்னாங்க. நீதான் ஆள் அனுப்பியிருக்கேன்னு கிளம்பிட்டேன். வந்ததுலேர்ந்து வாசலையே பாத்துட்டிருக்கேன்," என்றான். தட்டில் சாதம் ஆறிக் கிடந்தது.

அவள் அவனை எழுப்பி, வேட்டியைக் கட்டிவிட்டாள். எஸ்தர் அப்பாவுக்குத் தட்டு வைத்தாள்.

வெளியே தெருவைக் காணோம். யாருக்கும் சொந்தமில்லாத தெரு அது; அதாவது யாருமில்லைக்குச் சொந்தம். வேறொரு யாருமில்லை வந்து, ஆட்டோவோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார். வாசற்படிக்குக் கீழே வெறும் பள்ளம்.

"தையல் போட்ட வயிறு, பாத்து இறங்குங்க," என்று வடிவு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.