வட்டில் குறையொன்றும் இல்லை

தைச்சுங் நகரத்து ஸ்டூடியோவில், ருவோ-யிங்கின் கம்ப்யூட்டர் வட்டு காலையிலிருந்தே டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மாலை விருந்தில் போட வேண்டிய கல்யாண வீடியோ அதில்தான் இருந்தது. பழுதுபார்க்கும் மென்பொருளோ வேறு வகைக் கம்ப்யூட்டருக்கானது. அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர்போல் நடிக்கும் மெய்நிகர் இயந்திரத்தை அமைத்து, அதற்குள் மென்பொருளை ஓடவிட்டாள்.

"அக்கா, முதல்ல வீடியோவ வேற வட்டுல ஏத்திடுங்க," என்றான் பக்கத்து மேசை பூ-ஹெங்.

"எதுக்கு? ஒரு குறையும் இல்லன்னு சொல்லுது பாரு."

"அது பாத்தது நடிக்கிற கம்ப்யூட்டரோட நடிக்கிற வட்டைத்தான். நிஜ வட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சத்தம் நின்றது. வட்டோடு வீடியோவும் போயிற்று.

வேலை போய்விட்டதென்றே ருவோ-யிங் நினைத்தாள். முதலாளி வந்து, அந்த ஊர் நம்பிக்கைப்படி இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க அதன்மேல் வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார்.

"தேதி போன மாசமே முடிஞ்சிருக்கு. அப்புறம் எப்படி ஓடும்?"

மணப்பெண்ணின் அம்மாவிடமும் போனில் அதையே சொன்னார்.

"மாத்தாம விட்டுட்டீங்களா? எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் ஆச்சு," என்றாள் அவள்.

முதலாளி ருவோ-யிங்கைத் திட்டவே இல்லை. புதுப் பொட்டலம் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார்.