வெயிலில் விழுந்த பிணம்

எங்கள் படையில் சாக யாருக்கும் பிடிக்காது. மால்டாவின் ஆகஸ்ட் வெயிலில் கோட்டை முற்றத்துக் கல்லில் கை வைக்க முடியாது. போதாததற்கு எல்லோருக்கும் வெள்ளைக் கால்சட்டை; கறை பட்டால் வீட்டில் பூசை உண்டு. அதனால் ஞாயிறுதோறும் நாங்கள் வேடம் போட்டு நடித்துக் காட்டும் பழங்காலச் சண்டையில் முதல் வேட்டு வெடித்ததும் எல்லோரும் நைசாக மதில் நிழலுக்கு நகர்ந்து, அங்கே போய்த்தான் வீரமரணம் அடைவார்கள். எதிரிகளான பிரெஞ்சுக்காரர்களாக நடிப்பவர்களும் அப்படித்தான்.

அந்த ஞாயிறு நான் நிழலில்கூடச் சாகத் தயாராக இல்லை. நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மரிசாவின் அம்மா ஜொவான்னா, கோசோ தீவிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். "பழங்காலத்துச் சட்டையப் போட்டுக்கிட்டு டுமீல் டுமீல்னு விளையாடுறவனுக்கா பொண்ணக் குடுக்கிறது? ஒரு தடவ நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் கறுப்புக் குடையோடு நின்றார். கடைசிவரை நின்று ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

ஜெயித்தும் விடுவேன் போலிருந்தது. எங்கள் ஆட்களும் பிரெஞ்சுக்காரர்களும் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு செத்துக் கிடந்தார்கள். தள்ளிப் படுக்கச் சொல்லி ஒரு பிணம் இன்னொரு பிணத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் நானும், பிரெஞ்சுச் சிப்பாய் வேடத்திலிருந்த கசாப்புக்கடை விஸ்டினும்தான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துப்பாக்கிக் குழலில் மருந்தைப் போட்டேன், இரும்புக் கம்பியால் குத்தி இறக்கினேன், வானத்தைப் பார்த்துச் சுட்டேன். கம்பியை வெளியே எடுக்கவே இல்லை. அது மதிலைத் தாண்டிப் பறந்து கடலில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

விஸ்டின் சாவகாசமாக என் பக்கம் வந்தான். "சல்வு, கம்பி போச்சா? இனி எத வச்சு மருந்தக் கெட்டிப்ப? கம்பி போனவன் செத்தவன். விழு."

"டேய், வருங்கால மாமியார் பாக்குறாங்கடா. நீ விழேன்."

"எம் பொண்டாட்டியும்தான் பாக்குறா. இந்தக் கால்சட்டைய நேத்துதான் தொவச்சா. விழுடா."

படைச் சட்டம் சட்டம்தானே. விழுந்தேன். முதுகு சுட்டது, துள்ளி எழுந்தேன். மறுபடி விழுந்தேன், மறுபடி துள்ளினேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"எத்தன தடவடா சாவ?" என்று நிழலிலிருந்து ஒரு பிணம் கேட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மானம் போயிற்று, மரிசாவும் போனாள் என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போது முகத்தில் நிழல் விழுந்தது. ஜொவான்னா கயிற்றைத் தாண்டி வந்து எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வழிந்தது.

விஸ்டின் பதறினான். "அம்மா, சண்ட நடக்குது, உள்ள வரக் கூடாது."

"அது பாட்டுக்கு நடக்கட்டும்பா. எங்க வீட்டு மாப்பிள்ளை வெயில்ல காயிறாரு, பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அசையாத, நீ செத்துட்ட" என்றான் விஸ்டின்.

அசையவில்லை. பல்லெல்லாம் தெரியச் செத்துக் கிடந்தேன்.