பெண்கள் வார்டில் ஒரு கட்டில்

...காலியாகக் கிடந்தால்தான் கேட்பார்கள், நீ படுத்துக்கொள் என்று அண்ணன் சொல்லிவிட்டு, அம்மாவைப் பைக்கில் ஏற்றிக் குற்றாலம் ரோட்டிலிருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான், காளீஸ்வரி அம்மாவின் போர்வைக்குள் அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள், பதினொன்றேகாலிலிருந்து, இப்போது ஒன்றரை. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், வலி வந்தால் வலது விலாவை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். இங்கே வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி கொடுத்தாயிற்று, அங்கே காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொண்டால் நாளைக்கே... ஏற்காவிட்டால்? கட்டில் போனால் வியாழக்கிழமையும் போகும். இது தப்பா? தப்பென்றால் எவ்வளவு தப்பு? மாலை வகுப்பில் சார் கட்டுரை கொடுத்திருக்கிறார், அரசு மருத்துவமும் தனியார் மருத்துவமும் சேர்ந்து இருக்க முடியுமா என்று. முடியும் என்று நேற்று எழுதி, காரணங்களுக்கு எண் போட்டாள், ஒன்று, இரண்டு, மூன்றுக்கு எதிரே ஒன்றும் வரவில்லை, வெறும் எண்ணாகவே விட்டுவிட்டாள்... சன்னல் வழியே சாரல் காலில் விழுகிறது, நனைவது தெரிகிறது, இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சிஸ்டர் வந்து அம்மா பேரைச் சொல்லி, சங்கரம்மாள் எங்கே என்றார். பாத்ரூம் போயிருக்காங்க. மூன்றாவது முறை, முதல் முறை குரல் நடுங்கியது, இப்போது இல்லை, ஏன் இல்லை? சிஸ்டர் நகர்ந்ததும், கட்டில் கேட்டு மாமியாரோடு வாசல் பெஞ்சில் காத்திருக்கும் சுரண்டைக்காரி, "ரெண்டு மணி நேரமா பாத்ரூம்லயா இருக்கா உங்கம்மா? அருவில குளிச்சிட்டு வருதாளோ?" என்றாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். காளீஸ்வரிக்கும் சிரிப்பு வரவேண்டும், அல்லது வெட்கம், எதுவும் வரவில்லை, போன்தான் வந்தது. "ஏட்டி, டாக்டர் சாயங்காலந்தான் வருதாராம். எந்திரிச்சிராத." இங்கன ஒரு ஆச்சி உக்காந்திருக்காவ அண்ணே, என்றாள். "அது நமக்கெதுக்கு?" வைத்துவிட்டான்.

எழுந்துவிடலாம், எழுந்தால் அம்மா, எழாவிட்டால் அந்த ஆச்சி... கால்கள் தாமாக மடங்கின, பஸ்ஸில் ஒதுங்கி இடம் விடுவதுபோல. ஆச்சிய இதுல உக்கார வைங்க என்றது தன் குரல்தான். சுரண்டைக்கார மருமகள் மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கிழவி கால்மாட்டில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, காளீஸ்வரியின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்திருக்கும். "நல்லாயிரு தாயி. ஒனக்கு என்ன செய்யுது?"

ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல இருந்தாள். பித்தப்பைல கல்லு ஆச்சி, என்றாள். மருமகள் இப்போது கேலி செய்யவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் வலது கை விலாவை அழுத்திப் பிடித்திருப்பதைக் காளீஸ்வரி அப்போதுதான் பார்த்தாள், எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாள், தெரியவில்லை, எடுக்கலாமா என்று பார்த்தாள், எடுக்கவில்லை...