ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை

குளியலறைத் தரை காய்ந்திருந்தது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்த மருமகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் கால் வைக்கும்போது அந்தத் தரை காய்ந்திருந்ததில்லை. அவளுக்கு முன்னால் ஐந்தரைக்கு மாமியார் குளித்திருப்பாள். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். வாளி நிறைய அடுத்த ஆளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பாள். இன்று வாளி காலி.

"அத்தே" என்று கூப்பிட்டாள். பிறகு ஓடினாள்.

மாமியார் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கைக்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டுத் தாளை எடுத்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

'மருமக' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கோர்ட் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுவிட்டது.

"கூட இருக்கேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன எழுதினாரோ, தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமியாரின் மகனுக்கு அவள்தான் போன் செய்தாள். பிரிந்த பிறகு அவனிடம் பேசுவது அதுவே முதல் தடவை.

"அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. அஞ்சரைக்கு முன்னாடி."

"அது எப்படித் தெரியும்?"

"குளிக்கல."

"சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்" என்றான். "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு எடுக்கலாம்னு எல்லாருக்கும் சொல்லிடு."

மாமியார் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவள். முப்பத்தோரு வருஷம் எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று எழுதியவள். டிப்போவில் வேண்டாமென்று கழித்த கரும்பலகை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து குளியலறைக்கு வெளியே மாட்டினாள். அப்போது வீட்டில் பத்துப் பேர், குளியலறை ஒன்று. தினமும் காலையில் குடுமிப்பிடிச் சண்டை.

"ஆளுக்குப் பத்து நிமிஷம். பாட்டுக்குத் தனி டைம் கெடையாது" என்று சின்ன மாமனாரைப் பார்த்துச் சொன்னாளாம்.

"உங்களுக்கு மட்டும் பதினஞ்சு நிமிஷம் எழுதியிருக்கீங்களே அண்ணி?"

"அதுல அஞ்சு நிமிஷம் குழாய் வர்றதுக்குக் காத்திருக்கறது. அது வேணும்னா நீங்க எடுத்துக்குங்க, நாலரைக்கு எழுந்திரிங்க."

மருமகள் கல்யாணமாகி வந்த மறுநாளே பதினோராவது வரி ஏறியது. 'மருமக 5.45'. தனக்கு அடுத்த நேரத்தையே மாமியார் கொடுத்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை அவளுக்கு. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த ஐந்தே முக்கால் அதுவரை மாமனாருடையது. அவர் முணுமுணுத்தபோது, "வேலைக்குப் போற வண்டிதான் மொதல்ல கெளம்பணும்" என்று மாமியார் சொல்லி முடித்துவிட்டாள்.

அப்புறம் வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. அதற்கும் மாமியார் ஒரு விதி வைத்திருந்தாள். வீட்டைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் வரியைத் தங்கள் கையால் அழித்துவிட்டுப் போகவேண்டும். நாத்தனார் கல்யாணமாகிப் போகும்போது பாதி அழித்துவிட்டு அழுதாள். சின்ன மாமனார், "புது வீட்ல ரெண்டு பாத்ரூம் அண்ணி" என்று பெருமையாகத் துடைத்தார்.

"இருக்கட்டும். கதவத் தட்டறதுக்கு ஆள் இருக்கா?" என்றாள் மாமியார்.

மாமனார் இறந்தபோது அவருக்காக அவளே துணியை எடுத்தாள். ஆனால் மறுநாள் காலை அவருடைய ஆறே முக்கால் வந்து, பத்து நிமிஷம் முடியும்வரை பலகைக்கு முன்னால் நின்றாள். "அவர் டைம் முடியட்டும்" என்றாள். அதன் பிறகுதான் துடைத்தாள்.

மகன் மட்டும் அழிக்காமல் போனான். வேறொருத்தியோடு வேறு ஊரில் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு இறங்கினான். மாமியார் அன்றைக்கே உள்ளங்கையால் அவன் வரியைத் தேய்த்தாள். வெள்ளைக் கையோடே சமையலறைக்குள் போனாள்.

கோர்ட்டில் முடிந்த அன்று மருமகளும் துணியை எடுத்தாள்.

"என்ன பண்ற?"

"என் வரி அத்தே..."

"எறங்கினவன் எறங்கிட்டான். நீ எதுக்கு எறங்கற?"

"நாலு பேர் கேப்பாங்க."

கேட்டார்கள். மகன் இல்லாத வீட்டில் மருமகளுக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகவே கேட்டாள். மாமியார் துணி உதறுவதை நிறுத்தவில்லை. "நடுவழில டிரைவர் எறங்கிட்டா, உக்காந்திருக்கறவங்களயும் எறக்கி விட்டுடுவாங்களா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

ஆறு வருஷம் அந்தப் பலகையில் இரண்டே வரிகள். கீழே கறுப்பாய் அத்தனை இடம் கிடந்தது. இரண்டு பேருக்கு எதற்கு நேரம் என்று மருமகள் ஒருமுறை சிரித்தாள். "ஒரு வண்டி ஓடினாலும் டிப்போ டிப்போதான்" என்றாள் மாமியார்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாத்தனாரும் அவள் கணவரும் வந்தார்கள். சின்ன மாமனார் மனைவியோடும் இரண்டு மகன்களோடும் வந்தார். நாத்தனாரின் மகள் வந்தாள். கடைசியாக மகன் வந்தான், தனியாக. தலை நரைத்திருந்தது. அம்மாவின் அறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தான். மருமகள் தேநீர் நீட்டினாள். எடுத்துக்கொண்டான். சர்க்கரை சரியாக இருந்தது.

எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சின்ன மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கப்பா. இனிமே இந்த வீட்ட என்ன பண்றதா உத்தேசம்? பூட்டி வைக்கறதா, குடுத்துடறதா?"

"இப்ப அத பேசணுமா?" என்றார் நாத்தனாரின் கணவர்.

"எல்லாரும் ஒண்ணா இருக்கறப்பதானே பேச முடியும், மாப்ள? நாளைக்கு ஆளுக்கொரு தெசைக்குப் போயிடுவோம்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். மருமகள் காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தன் அறையில் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். கடையில் கூட வேலை செய்பவள் தன் வீட்டு மாடியறை காலியாக இருப்பதாகப் போன மாதம்தான் சொல்லியிருந்தாள். அப்போது அது யாருக்கோ சொன்ன சேதியாக இருந்தது. நான்கு துணிகளை மடித்து வைத்தாள். அதற்குள் நாத்தனாரின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, நாளைக்கு எட்டரைக்குள்ள எல்லாரும் குளிச்சு ரெடியாகணுமாம். ஒரே பாத்ரூம்தான் இருக்கு. யார் எப்ப போறது?"

மருமகள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள். மேல் வரியில் மாமியாரின் எழுத்து, கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. 'நான் 5.30'. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அடுத்த வரியைத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தாள். அங்கே, 'சின்ன மாமா 5.45' என்று எழுதினாள். அதன் கீழே ஒவ்வொருவராக, பத்துப் பத்து நிமிஷமாக, எட்டுப் பேரையும் எழுதினாள். கடைசிப் பெயர் அவனுடையது, 6.55. பெயர் எழுத வராமல், 'மகன்' என்று எழுதினாள்.

தான் எல்லாரும் முடித்த பிறகு குளித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மறுநாள் அவள் ஐந்து இருபதுக்குத் தன் அறைக் கதவைத் திறந்தபோதே குளியலறைக்கு முன்னால் சின்ன மாமனார் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்றாள். மகன் ஜன்னலோரம் நின்றான். அவன் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது.

மருமகள் பலகையைப் பார்த்தாள்.

எட்டு வரியும் அழித்து எழுதியிருந்தது. சின்ன மாமா 5.55. அதற்கடுத்தது 6.05. எல்லாருமே பத்து நிமிஷம் கீழே இறங்கியிருந்தார்கள். கடைசியில் மகன் 7.05. மேலே, மாமியாரின் வரிக்கு அடுத்தாற்போல், வலதுபக்கம் சரிந்துகொண்டே போகும் அவன் கையெழுத்தில்: 'மருமக 5.45'.

"உன் பேர யாரு அழிச்சது?" என்றாள் நாத்தனார், அவளைப் பார்க்காமல்.

"நான்தான் அண்ணி. எடம் வேணுமேன்னு..."

"எடம் இல்லாமலா இருக்கு? பதினோரு பேர் எழுதின பலகை அது." கொஞ்சம் பொறுத்து, "சித்தப்பா, நேத்து கேட்டீங்களே. ஆள் இருக்கற வீட்ட எப்படிப் பூட்டறது?" என்றாள்.

சின்ன மாமனார் துண்டை மடியில் சரிசெய்துகொண்டார். "தெரியாமத்தான்ம்மா கேட்டேன்."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவன் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தரை ஆனது.

குளியலறைக் கதவு திறந்தேதான் இருந்தது. சின்ன மாமனார் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி வந்தாள், மகன்கள் வந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. தூக்கக் கலக்கத்தோடு உள்ளே போகப் பார்த்த நாத்தனாரின் மகளை அவளுடைய அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார். பலகையின் மேல் வரியைக் காட்டினார். அவளும் சுவரோரம் நின்றாள்.

ஒன்பது பேர் காத்திருந்த கூடத்தில் கடிகார முள் நகரும் சத்தம் கேட்டது.

"அஞ்சே முக்கால்" என்றான் மகன். பிறகு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, "உன் டைம். லேட் பண்ணா அம்மாவுக்குப் பிடிக்காது" என்றான்.

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். தரை காய்ந்திருந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வருவதற்குக் காத்திருந்தாள்.

குளித்து முடித்ததும் வாளியைக் கழுவிக் குழாயடியில் வைத்தாள், அடுத்த ஆளுக்கு. அவளுடைய பத்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. வாளி விளிம்புவரை நிறையட்டும் என்று நின்றாள்.

வெளியே யாரும் கதவைத் தட்டவில்லை.